லிஸ்ப்பை ஓட வைத்தவர் விளையாட்டை எதில் எழுதினார்?

1962-ம் வருடத் தொடக்கம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிடிபி-1 என்கிற கணினியின் வட்டத் திரையில் இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று துரத்திச் சுட்டுக்கொண்டிருந்தன. விளையாட்டின் பெயர் 'ஸ்பேஸ்வார்'. வீடியோ கேம் வரலாற்றை எழுதுகிற யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. நண்பர்கள் பலர் சேர்ந்து உருவாக்கியது. பீட்டர் சாம்சன் பின்னணியில் நிஜ வானத்து நட்சத்திரங்களைக் கொண்டு வந்தார், டான் எட்வர்ட்ஸ் நடுவில் இருக்கும் சூரியனுக்கு ஈர்ப்பு விசை கொடுத்தார். ஆனால் முக்கியமான நிரலை எழுதியவர் ஸ்டீவ் ரஸ்ஸல்.

இந்த ரஸ்ஸலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1958-ல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் என்ற மொழியை வடிவமைக்கத் தொடங்கினார். அதில் 'இவால்' என்று ஒரு சார்பு. லிஸ்ப்பில் எழுதிய எதையும் படித்து அதன் மதிப்பைச் சொல்லும் சார்பு அது. மெக்கார்த்தி அதைக் காகிதத்தில் கணிதமாகத்தான் எழுதினார். ரஸ்ஸல் அதைப் பார்த்துவிட்டு, இதையே கணினியில் எழுதிவிட்டால் என்ன என்று கேட்டாராம். அது கோட்பாடு, ஓட்டிப் பார்க்க எழுதியதில்லை என்று மெக்கார்த்தி சொல்ல, ரஸ்ஸல் கேட்காமல் ஐபிஎம் 704 கணினிக்கு அதைக் கையாலேயே மாற்றி எழுதி ஓட வைத்துவிட்டார். மெக்கார்த்தியே பிற்பாடு சொன்ன கதை இது. ஆக, உலகின் முதல் லிஸ்ப்பை ஓட வைத்தவரும் உலகப் புகழ் பெற்ற முதல் கணினி விளையாட்டுகளில் ஒன்றை எழுதியவரும் ஒரே ஆள்!

அப்படியானால் ஸ்பேஸ்வாரை அவர் லிஸ்ப்பில்தானே எழுதியிருப்பார்? இல்லை. அசெம்பிளி மொழியில் எழுதினார்.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். பிடிபி-1-ன் நினைவகம் 4096 சொற்கள், ஒவ்வொன்றும் 18 பிட். இன்றைய கணக்கில் சுமார் 9 கிலோபைட். செல்போனில் எடுத்த ஒரு புகைப்படத்தின் மூலைக்குக்கூடக் காணாது. லிஸ்ப்போ நினைவகத்தைத் தாராளமாகச் செலவழித்துவிட்டு, அவ்வப்போது நின்று, பயன்படாததைப் பெருக்கி எடுக்கும் மொழி. 'கார்பேஜ் கலெக்ஷன்' என்ற இந்த உத்தியே லிஸ்ப்புக்காக மெக்கார்த்தி கண்டுபிடித்ததுதான். விண்கலம் பறந்துகொண்டிருக்கும்போது கணினி நின்று வீடு பெருக்கினால் ஆட்டம் என்ன ஆவது? :-)

அன்று பிரிந்த இரண்டும் திரும்பச் சேர முப்பது வருடங்களுக்கு மேல் ஆனது. ஃபங்ஷனல் மொழிகள் ஆராய்ச்சியாளர்களுக்கு, விளையாட்டுகள் சி, சி++ எழுதுகிறவர்களுக்கு என்று ஒரு பாகப்பிரிவினை. கேம் எழுத ஆசைப்படும் மாணவர்களுக்கு இன்றும் அந்தப் பிரிவினைதான் முதலில் சொல்லப்படுகிறது. சி++ படி, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வாங்கு, பெருநகரத்துக்குப் போய் ஒரு கோர்ஸில் சேர். கள்ளக்குறிச்சி மாதிரி ஊரிலிருந்து பார்த்தால் மூன்றுமே தூரம்தான். வரலாறு உண்மையில் அப்படித்தான் நடந்ததா என்று பார்ப்பதற்கு முன், ஃபங்ஷனல் மொழி என்றால் என்ன என்று ஒரு வார்த்தை.

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடம் 'உறவுகளும் சார்புகளும்'. சார்பு என்றால் ஒரு மதிப்பை உள்ளே கொடுத்தால் ஒரு மதிப்பை வெளியே தரும் விதி. அதே மதிப்பைக் கொடுத்தால் எப்போதும் அதே விடைதான். ஃபங்ஷனல் மொழி என்பது இந்தச் சார்புகளையே செங்கல்லாக வைத்து முழு நிரலையும் கட்டுவது. மற்ற மொழிகளில் 'ஸ்கோர்' என்று ஒரு பெட்டி வைத்து, அதில் உள்ள 10-ஐ அழித்துவிட்டு 20 என்று எழுதுவார்கள். சுத்தமான ஃபங்ஷனல் மொழியில் அழிப்பது கிடையாது.

கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிற கோமுகி அணையை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டப் பதிவேட்டில் இன்றைய அளவை எழுத வேண்டும் என்றால் நேற்றைய அளவை யாரும் ரப்பர் வைத்து அழிப்பதில்லை. அடுத்த வரியில் எழுதுவார்கள். நேற்று 38 அடி, இரவு மலையில் மழை, இன்று 40 அடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வரிகளும் இருக்கும். ஃபங்ஷனல் மொழியில் எழுதும் விளையாட்டும் அதே மாதிரிதான். பழைய நிலை, நடந்த சம்பவம், இரண்டையும் உள்ளே கொடுத்தால் புதிய நிலை வெளியே வரும். பழையது பழையதாகவே இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. விளையாட்டுத் துறை ஃபங்ஷனல் மொழிகளை ஒதுக்கி வைத்த காலத்திலும், ஃபங்ஷனல் மொழிக்காரர்கள் விளையாட்டை விடவில்லை. இந்த முறை ஏன் முக்கியம் என்று விளக்கி ஜான் ஹியூஸ் எழுதிய கட்டுரை மிகப் பிரபலம். 1984-ல் உள்சுற்றுக்கு எழுதப்பட்டு 1989-ல் இதழில் அச்சானது. அதில் அவர் எடுத்துக்கொண்ட பெரிய உதாரணம் ஒரு விளையாட்டு! காய் நகர்த்தும் ஆட்டத்தில் கணினி எப்படி யோசிக்க வேண்டும் என்பதை நிரலாக எழுதிக் காட்டுகிறார். இப்போதைய நிலையிலிருந்து சாத்தியமான நகர்வுகள், ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்த நகர்வுகள் என்று கிளை விட்டுப் போகும் மரம். சதுரங்கம் போன்ற ஆட்டத்துக்கு இந்த மரத்தை முழுதாகக் கட்ட எந்தக் கணினியாலும் முடியாது. ஆனால் சோம்பேறித்தனமாகக் கணக்கிடும் மொழியில் 'முழு மரம்' என்று தைரியமாக எழுதிவிடலாம். கேட்ட கிளையை மட்டும் மொழி கட்டித் தரும், கேட்காததைத் தொடாது. மரத்தைக் கட்டுவது ஒரு சார்பு, வெட்டிச் சின்னதாக்குவது ஒரு சார்பு, மதிப்பெண் போடுவது ஒரு சார்பு. தனித்தனியாக எழுதிக் கோத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறவர்கள் ஒரு தடவையாவது படிக்க வேண்டிய கட்டுரை.

சரி, தொழிலுக்கு வருவோம். நிஜமாகக் கடையில் விற்ற விளையாட்டில் லிஸ்ப் நுழைந்த கதை நாட்டி டாக் நிறுவனத்தினுடையது. ஆண்டி கேவின், ஜேசன் ரூபின் என்ற இரண்டு பள்ளி நண்பர்கள் 1984-ல் வேறு பெயரில் ஆரம்பித்த நிறுவனம். கேவின் பிறகு எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் படித்தவர், லிஸ்ப் அங்கே ஒட்டிக்கொண்டது. 1996-ல் வந்த 'கிராஷ் பாண்டிகூட்' விளையாட்டில் பாத்திரங்களின் நடத்தையை எழுதுவதற்காகவே 'கூல்' என்று ஒரு குட்டி லிஸ்ப்பை அவர் உருவாக்கினார். அது ஓடிய முதல் பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் வெறும் 2 மெகாபைட்.

அடுத்து பிளேஸ்டேஷன் 2 வந்தபோது ஆசை பெரிதானது. 'கோல்' என்று இன்னொரு லிஸ்ப். இந்த முறை சில பகுதிகளை மட்டுமல்ல, விளையாட்டைக் கிட்டத்தட்ட முழுவதுமே அதில் எழுதினார்கள். 2001 டிசம்பரில் வெளியான 'ஜாக் அண்ட் டாக்ஸ்டர்' அதுதான். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும்போது 'லோடிங்' என்று காத்திருக்க வைக்காத பெரிய உலகம் அன்று அதிசயமாகப் பேசப்பட்டது. எழுதியவர்களுக்குக் கிடைத்த வசதி இன்னும் அதிசயம். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சார்பை மாற்றி எழுதி அனுப்பினால், நிறுத்தாமலே அது மாறிவிடும். சி++ எழுதுகிறவர்கள் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் கம்பைல் செய்துவிட்டு டீ குடிக்கப் போன காலம் அது.

(கோல் சுத்தமான ஃபங்ஷனல் மொழி அல்ல. பெட்டியில் இருப்பதை அழித்து எழுத அதில் தாராளமாக அனுமதி உண்டு. லிஸ்ப் குடும்பத்தில் தூரத்துப் பங்காளி என்று சொல்லலாம்.)

வேகம் போதாது என்ற 1962-ன் வாதம் இங்கே தோற்றுப் போனது. ஆனாலும் கோல் நிலைக்கவில்லை. ஏன்? 2001 ஜனவரியில் நாட்டி டாக்கை சோனி வாங்கியிருந்தது. சோனிக்குச் சொந்தமான மற்ற ஸ்டூடியோக்களோடு நிரலைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், அவர்களோ சி++ எழுதுகிறவர்கள். புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் உலகில் வேறு எங்கும் இல்லாத ஒரு மொழியைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதன் கம்பைலரை முழுதாக அறிந்தவர் கேவின் என்ற ஒற்றை ஆள், அவரும் 2004-ல் வெளியேறினார். 2007-ல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த 'அன்சார்ட்டட்' சி++-ல் எழுதப்பட்டது. லிஸ்ப் வாசனை முழுக்கப் போய்விடவில்லை, ஸ்கீம் என்ற லிஸ்ப் வகையை விளையாட்டின் தரவுகளையும் காட்சிகளையும் எழுதத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கோல் வேகக் குறைவால் சாகவில்லை. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் செத்தது. நிறுவனம் கைவிட்டுப் பல வருடங்கள் கழித்து 'ஓப்பன்கோல்' என்ற பெயரில் ரசிகர்கள் கூடி, பழைய விளையாட்டைப் பிரித்துப் படித்து, கோல் மொழியையே திரும்ப எழுதி, சாதாரணக் கணினியில் ஓட வைத்திருக்கிறார்கள். சம்பளம் வாங்காமல்!

சுத்தமான ஃபங்ஷனல் மொழிகளின் பக்கம் கதை வேறு மாதிரி போனது. 1987-ல் ஆராய்ச்சியாளர்கள் கூடி முடிவெடுத்து, 1990-ல் வெளிவந்த மொழி ஹாஸ்கல். அழித்து எழுதவே கூடாது என்ற மொழியில், நொடிக்கு அறுபது முறை மாறும் விளையாட்டை எப்படி எழுதுவது? 1997-ல் கோனல் எலியட்டும் பால் ஹுடாக்கும் 'ஃப்ரான்' என்ற அமைப்பை வெளியிட்டு ஒரு பதில் சொன்னார்கள். மறுபடியும் கோமுகி அணைக்கே போகலாம். அணையின் நீர்மட்டம் எந்த நேரத்தில் கேட்டாலும் ஒரு மதிப்பு உடையது, அதாவது நேரத்தின் சார்பு. ஷட்டரைத் திறப்பது அப்படியல்ல, அது ஏதோ ஒரு நேரத்தில் நடக்கும் சம்பவம். உலகத்தில் மாறுகிற எல்லாவற்றையும் இந்த இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம் என்பதுதான் ஃப்ரான். விண்கலத்தின் இடம் நீர்மட்டம் மாதிரி, சுடும் பொத்தானை அழுத்துவது ஷட்டர் மாதிரி. அழித்து எழுதத் தேவையே இல்லை.

ஹுடாக் பணிபுரிந்த யேல் பல்கலைக்கழகத்தில் இது 'யாம்பா' என்று வளர்ந்தது. 2003-ல் ஆண்டனி கோர்ட்னியும் நண்பர்களும் 'யாம்பா ஆர்கேட்' என்ற ஆய்வுக் கட்டுரையில் பழைய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பாணியில் ஒரு விளையாட்டை எழுதிக் காட்டினார்கள். அதைப் படித்துவிட்டு 2005-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் முன் ஹோன் சியோங் என்ற மாணவர் தன் ஆய்வேட்டுக்காக 'ஃப்ராக்' என்று ஒரு முப்பரிமாணத் துப்பாக்கி விளையாட்டை ஹாஸ்கலில் எழுதினார். குவேக் 3 விளையாட்டின் வரைபடங்களை ஏற்றிக்கொண்டு ஓடியது அது. 2012-ல் ஹார்வர்டில் எவான் சாப்ளிக்கி என்ற இன்னொரு மாணவரின் ஆய்வேடு 'எல்ம்' என்ற மொழியாக வந்தது. அதன் ஆரம்பகால உதாரணங்களில் பாங் விளையாட்டும் உண்டு. இந்த வரலாற்றில் முக்கியமான இரண்டு காரியங்களை மாணவர்கள் புராஜெக்ட்டாகச் செய்திருக்கிறார்கள் என்பதை ஃபைனல் இயர் புராஜெக்ட்டைக் கடையில் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் கவனிக்கவும்.

பெரிய தலைகளும் திரும்பிப் பார்த்தார்கள். 'டூம்', 'குவேக்' விளையாட்டுகளின் ஜான் கார்மாக் 2013-ல் தன் பழைய 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி'யை ஹாஸ்கலில் எழுதிப் பார்ப்பதாக மேடையில் பேசினார். அன்ரியல் இன்ஜினின் டிம் ஸ்வீனி 2006-லேயே நிரல் மொழி ஆராய்ச்சியாளர்களின் மாநாட்டுக்குப் போய், விளையாட்டு எழுதுகிறவர்களுக்கு என்ன மொழி வேண்டும் என்று பேசியவர். அவருடைய எபிக் நிறுவனத்தில் ஹாஸ்கலின் முக்கியக் கர்த்தாக்களில் ஒருவரான சைமன் பெய்டன் ஜோன்ஸ் 2021-ல் சேர்ந்தார். 2023-ல் ஃபோர்ட்நைட் விளையாட்டுக்குள் உலகங்களை உருவாக்குவதற்காக 'வெர்ஸ்' என்ற மொழி வெளியானது. அது ஃபங்ஷனல் குடும்பம்தான். ரஸ்ஸல் ஒதுக்கி வைத்ததிலிருந்து கணக்குப் போட்டால் அறுபது வருடங்கள்.

இதற்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கோல் எதனால் செத்ததோ, அது இங்கே ஒரு குறையே இல்லை. சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். சென்னையை ஒட்டிய சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனத்தில் மாணவர்களுக்கு முதலில் கற்பிக்கப்படும் நிரல் மொழியே ஹாஸ்கல். அங்கே பேராசிரியர்களான மாதவன் முகுந்த், எஸ்.பி.சுரேஷ் இருவரும் நடத்திய ஹாஸ்கல் பாடம் என்பிடெல் தளத்தில் வீடியோவாக இருக்கிறது. பார்க்கக் காசு கிடையாது, சான்றிதழ் தேர்வு எழுதினால்தான் கட்டணம். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் கே.சி.சிவராமகிருஷ்ணன் ஒகேமல் என்ற ஃபங்ஷனல் மொழியைப் பல பிராசசர்களில் ஒரே நேரத்தில் ஓடும்படி மாற்றிய குழுவின் முக்கியமானவர்களில் ஒருவர். அந்த வேலை 2022 டிசம்பரில் ஒகேமல் 5.0 ஆக வெளிவந்தது. பிரான்சில் பிறந்த மொழியின் இந்தப் பெரிய மாற்றத்தில் சென்னைக்குப் பங்கு உண்டு என்பது நம் கல்லூரிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சி, ஜாவா, பைத்தானைத் தாண்டி சிலபஸில் ஒரு யூனிட் இருந்தாலும் அது 'சாய்ஸில் விடும்' யூனிட்டாகத்தானே இருக்கிறது.

விளையாட்டு எழுத ஆரம்பிக்க வேண்டும் என்றால் ராக்கெட் என்ற மொழி சுலபமான வாசல். லிஸ்ப் குடும்பம், இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். அதில் 'பிக்-பேங்' என்று ஒரு வசதி. ஆரம்ப நிலை ஒன்று கொடுக்க வேண்டும். பிறகு மூன்று சார்புகள்: நிலையைப் படமாக்குவது, கடிகாரம் ஒரு முறை துடித்தால் அடுத்த நிலையைச் சொல்வது, விசையை அழுத்தினால் அடுத்த நிலையைச் சொல்வது. அவ்வளவுதான், விளையாட்டு ஓடும். அமெரிக்காவில் 'பூட்ஸ்ட்ராப்' என்ற திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படி விளையாட்டு எழுத வைத்தே அல்ஜீப்ரா சொல்லிக் கொடுக்கிறது. ஹாஸ்கல்தான் வேண்டும் என்பவர்களுக்கு 'கிளாஸ்' என்ற நிரலகம், அதிலும் ஏறக்குறைய இதே மூன்று சார்புகள். ராக்கெட்டில் இன்னொரு சௌகரியம், சார்புகளுக்குப் பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

எந்த விளையாட்டை எழுதுவது? ஊரில் இருப்பதே போதும்: ஆடுபுலி ஆட்டம். தரையில் கரியால் கோடு கிழித்துக் கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் வைத்து ஆடுவதற்கு எந்தக் கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டாம், நிரலாக எழுதவும் வேண்டாம். பரவலாக ஆடப்படும் பலகையில் 23 முனைகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஆடுகள் ஒவ்வொன்றாகப் பலகைக்கு வரும், எல்லாம் இறங்கிய பிறகுதான் நகரலாம். புலி ஆட்டைத் தாண்டி நேர்கோட்டில் காலி முனையில் குதித்தால் ஆடு போச்சு. புலிகளை நகர விடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்கு ஜெயம். எத்தனை ஆட்டை வெட்டினால் புலிக்கு ஜெயம் என்பது ஊருக்கு ஊர் மாறும். கல்வராயன் மலை மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு என்று இருந்தாலும் நிரலில் ஒரு எண்ணை மாற்றினால் தீர்ந்தது.

இந்த ஆட்டம் ஃபங்ஷனல் மொழிக்கென்றே செய்த மாதிரி இருக்கும். நிலை என்பது 23 முனைகளில் எது எங்கே, யாருடைய முறை, இறங்காத ஆடு எத்தனை என்பது மட்டும்தான். 'நகர்த்து' என்ற சார்பு ஒரு பலகையையும் ஒரு நகர்வையும் வாங்கிக்கொண்டு புதிய பலகையைத் தரும். பழைய பலகைகள் அழியாததால், தப்பாக வைத்த காயைத் திரும்ப எடுக்கும் 'அன்டூ' வசதி கிட்டத்தட்ட இலவசமாகவே கிடைக்கும். பலகைகளை வரிசையாகச் சேர்த்து வைத்தால் முழு ஆட்டத்தையும் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். கணினியைப் புலியாக ஆட வைக்க ஹியூஸின் மரம் இருக்கிறது. ஆடுகளாக ஆட வைப்பது அதைவிடக் கஷ்டம், பதினைந்தும் சேர்ந்து யோசிக்க வேண்டும்.

படம் வரைவதில் போய் முதலில் உட்கார வேண்டாம், நிறைய பேர் அங்கேதான் சோர்ந்து நிறுத்திவிடுகிறார்கள். காகிதத்தில் பலகையை வரைந்து முனைகளுக்கு 1 முதல் 23 வரை எண் போட்டு, எந்த முனை எதனோடு கோட்டால் சேர்ந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுத வேண்டும். பிறகு ஒரே ஒரு சார்பு: இந்தப் பலகையில், இந்த முனையில் நிற்கும் புலி எங்கெல்லாம் போகலாம்?